எழுநூற்று இருபது சதுர அடி

வீட்டை ஒட்டிய காலி மனையில் டென்னிகாய்ட் கோர்ட் போடப்போகிறேன் என்று நான் சொன்னதும் என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தன சதுர அடி?" என்பதுதான். ஏன், எதற்கு, நாற்பத்தாறு வயதில் இது தேவையா என்று எதுவும் கேட்கவில்லை. ஆம்பூரில் ஒரு டேனரியில் எட்டு வருஷம் தோல் அளக்கும் மிஷினில் நின்றவர் அவர். அதற்கப்புறம் பதினான்கு வருஷமாகப் பச்சைத் தோல் குடோனுக்குப் பொறுப்பு. உலகத்தில் எதுவாக இருந்தாலும் அவருக்கு முதலில் சதுர அடி தெரிய வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

"நாப்பதுக்குப் பதினெட்டு" என்றேன்.

"எழுநூத்தி இருவது" என்று உடனே சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

டென்னிகாய்ட் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரப்பர் வளையம் ஒன்றை வலைக்கு மேலே வீச வேண்டும், எதிரில் இருப்பவர் அதை ஒரே கையால் பிடித்துத் திருப்பி வீச வேண்டும், தரையில் விழுந்தால் பாயிண்ட் போச்சு. அவ்வளவுதான். நாங்கள் ரிங் என்போம். எங்கள் காலத்தில் பெண் பிள்ளைகள் ஓடவும் கூடாது, சும்மா உட்காரவும் கூடாது என்பதற்காகவே பள்ளிக்கூடங்கள் கையில் கொடுத்த விளையாட்டு. நான் அதை ரொம்பத் தீவிரமாக எடுத்துக்கொண்டு கல்லூரி டீம் வரைக்கும் போய்விட்டேன்.

இரண்டாம் வருஷம் காட்பாடியில் ஃபைனல். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. அதே சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நாள் குறித்தவர் என் கணவரின் அண்ணன். பச்சைப் புடவை கட்டி, வீங்கிய கட்டை விரலோடு காப்பித் தட்டை நீட்டினேன். "பொண்ணுக்குக் கையில இன்னா?" என்று அண்ணன் கேட்டார். "அருவாமணையில பட்டுடிச்சுங்க" என்று என் அம்மா சொன்னாள். ரிங் பட்டது என்று சொன்னால் கல்யாணம் நின்றுவிடுமாம். அங்கே நான் இல்லாமல் எங்கள் டீம் தோற்றது. இன்று வரை அந்தத் தோல்வி எனக்கு வலிக்கிறது, சும்மா சொல்லவில்லை.

கல்யாணமான முதல் வாரமே இதை என் கணவரிடம் சொல்லிவிட்டேன். "அட, சொல்லியிருந்தா மறுநாள் வந்திருப்போமே" என்றார். எவ்வளவு தங்கமான மனுஷன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அண்ணன் எதிரில் அவர் வாயில் "சரிண்ணே" என்பதைத் தவிர வேறு வார்த்தையே வராது என்பது எனக்கு ஆறு மாசம் கழித்துத்தான் தெரிந்தது.

அண்ணன் பெங்களூரில் இருக்கிறார். வருஷத்துக்கு இரண்டு தடவை ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருவார். பிரியாணி சாப்பிடுவார், எங்கள் வாழ்க்கையில் என்னென்ன தப்பு என்று சொல்வார், சாயந்திர ரயிலில் திரும்பிவிடுவார். கெட்ட மனிதர் இல்லை. அப்பா இல்லாத வீட்டில் தம்பியைப் படிக்க வைத்தவர், அதனால் தம்பியின் செருப்பு அளவுகூடத் தன்னைக் கேட்டுத்தான் முடிவாக வேண்டும் என்று நம்புகிறவர். அந்த மனை என் கணவர் பேரில்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பற்றிப் பேசுகிறவர் அண்ணன்.

"காலி மனய சும்மா போட்டு வெச்சா நல்லா இல்லடா. வர்ற தைக்கு ரெண்டு போர்ஷன் கட்டிடலாம்."

"சரிண்ணே."

நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அதுவரைக்கும் நான் ரிங் ஆடிக்கிறேன் மாமா" என்றேன். அவர் நான் ஏதோ வடாம் காயப்போடக் கேட்பதாக நினைத்துத் தலையாட்டிவிட்டார். அப்போது மாசி மாசம். எனக்குக் கையில் இருந்தது பதினோரு மாசம். கோர்ட்டை மட்டும் பார்க்கப் பார்க்க அழகாகப் போட்டுவிட்டால் அதில் கடப்பாரையை இறக்க யாருக்கும் மனசு வராது என்று நான் கணக்குப் போட்டேன். அசட்டுக் கணக்குதான். ஆனால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கல்லைப் பொறுக்கினோம். ஒரு டிராக்டர் செம்மண் அடித்தோம். தண்ணீர் ஊற்றி, சிமெண்ட் நிரப்பிய பழைய டிரம் ஒன்றை நானும் அவரும் நாலு நாள் உருட்டினோம். தெருவே வந்து பார்த்தது. கோயில் கட்டுகிறீர்களா என்று ஒருவர் கேட்டார், பந்தயப் புறாவுக்கா என்று இன்னொருவர் கேட்டார். வலை கட்ட இரண்டு இரும்புப் பைப் நட்டோம். கோடு போட நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியிலிருந்து ஸ்டோர்காரரைக் கேட்டுக் கழித்துப்போட்ட வெள்ளை நாடா ஒரு ரோல் வாங்கி வந்தேன். அங்கே தையல் பிரிவில் நான் லைன் சூப்பர்வைசர். நாற்பது மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி என் குரல் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

"அளவெல்லாம் எங்கிட்ட உட்டுடு. நான் இருக்கும்போது உனக்கு இன்னா கவல?" என்றார் கணவர். அளப்பதற்கென்றே பிறந்த மனிதர் ஆயிற்றே என்று நானும் ஷிப்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் நாடாவை இழுத்து ஆணி அடித்து கோர்ட் தயாராக இருந்தது. அவர் குனிந்து உள்ளங்கையால் மண்ணைத் தடவிக்கொண்டிருந்தார். குடோனில் தோலைத் தடவுவதுபோல நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி, "ஒரு சொட்டை கெடையாது. ஏ கிரேடு" என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. என்னவோ கொஞ்சம் ஒரு பக்கமாக இழுத்தாற்போல இருக்கிறதே என்று தோன்றியது. களைப்பு என்று விட்டுவிட்டேன்.

என்னோடு ஆட வந்தவர் பின்வீட்டு ஆபா. அவர்கள் வீட்டில் உருது பேசுவார்கள். அக்காவை ஆபா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். என்னைவிட நாலு வயது பெரியவர். வாணியம்பாடியில் பள்ளிக்கூடம் படிக்கும்போது ரிங் ஆடியவர். இருபது வருஷமாகக் கொல்லைச் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று குழம்பு மாற்றிக்கொண்டிருக்கிறோம், இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமலே போயிற்று. முதல் நாள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றவர், முதல் வீச்சிலேயே ரிங்கை என் நெற்றியில் போட்டார். எங்கள் நட்பு அதற்கப்புறம்தான் கெட்டியானது.

ஒரு வாரம் ஆடியதும் ஒரு விஷயம் புரிந்தது. தெற்குப் பக்கம் யார் நின்றாலும் தோற்கிறார்கள். நான் நின்றால் நான், ஆபா நின்றால் ஆபா.

"இந்தப் பக்கம் ஷைத்தான் இருக்குது. பேஜாரா இருக்குதே. எவ்ளோ ஓடினாலும் கோடு தூரமாவே போவுது" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் ஆபா.

நான் டேப்பை எடுத்து அளந்தேன். வடக்குப் பக்கம் அகலம் பதினாறு அடி. தெற்குப் பக்கம் இருபது.

என் கணவரைக் கூப்பிட்டேன். கத்தினேன் என்று ஆபா சொல்வார்.

"ஆமா. வடக்கால செப்டிக் டேங்க் மூடி வந்துடிச்சு. அங்க ரெண்டடி கம்மி பண்ணி, இங்க ரெண்டடி ஜாஸ்தி குடுத்துட்டேன். கூட்டிப் பாரு, எழுநூத்தி இருவது கரெக்டா வரும்" என்றார்.

"கோர்ட்டு நாலு பக்கமும் நேரா இருக்கணுங்க!"

"தோல் இன்னா நேராவா இருக்குது? கழுத்துப் பக்கம் கம்மியா இருந்தா வயித்துப் பக்கம் ஜாஸ்தி இருக்கும். மொத்தம் சரியா இருந்தா தோல் வாங்க வர்ற பையர் வாய தொறக்க மாட்டான்."

அவர் முகத்தில் ஒரு துளி குற்ற உணர்ச்சி இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் வந்த எந்த ஆட்டுத் தோலும் செவ்வகமாக வந்ததில்லை, அவர் என்ன செய்வார்? செப்டிக் டேங்கை நகர்த்த முடியாது, மறுபக்கம் தெருச் சுவர். கடைசியில் ஏழு பாயிண்டுக்கு ஒரு தடவை பக்கம் மாறிக்கொள்வது என்று நாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். பாயிண்டை நான் தமிழில் எண்ணுவேன், ஆபா உருதுவில் எண்ணுவார். அவர் எண்ணும்போது மட்டும் ஏழு சீக்கிரம் வந்துவிடும்.

அண்ணன் ஒருநாள் வீடியோ காலில் மனையைக் காட்டச் சொன்னார். என் கணவர் போனைத் தூக்கிப் பிடித்தார். "இன்னாடா அது, வெளியில கொசுவல கட்டி வெச்சிருக்கீங்க?" என்றார் அண்ணன். "சரிண்ணே" என்றார் இவர்.

வைகாசியில் மழை அடித்தது. மழை விட்ட நாலாம் நாள் கோர்ட் முழுக்கக் கோரைப் புல். பிடுங்கினால் அடுத்த வாரம் அதைவிடக் கெட்டியாக வரும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானும் ஆபாவும் குனிந்து புல் பிடுங்கி, ஆடுவதற்கு முதுகு இல்லாமல் எழுந்தோம். என் கணவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க குடோன் வாசல்ல ஒரு புல்லு மொளச்சி பாத்திருக்கியா நீ?" என்றார்.

பார்த்ததில்லைதான். ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் குடும்பத்தோடு போவோம். அந்தக் குடோனைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பைத் தூவி அடுக்குவார்கள். வேலைக்கு எடுக்கும்போது உதறுவார்கள். உப்பு விழுந்த இடத்தில் புல் பூண்டு இருக்காது. அந்த உப்பு சுவரிலும் ஏறும். இடுப்பு உயரத்துக்குச் சுண்ணாம்பும் சிமெண்டும் பொரிந்து பொரிந்து விழும், வருஷா வருஷம் பூசுவார்கள், அடுத்த ஆயுத பூஜைக்குள் மறுபடி விழுந்திருக்கும். எங்கள் வீட்டில் சொந்தக்காரர்களின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதைவிட அந்தச் சுவரைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறோம்.

மறுநாள் கேட்டு வாங்கியதாகச் சொல்லி ஸ்கூட்டரில் இரண்டு மூட்டை பழைய உப்பு கொண்டுவந்தார். கருத்த உப்பு, ஆட்டு முடியோடு. வேலைக்குப் போயிருந்த நான் தடுப்பதற்குள் தூவி முடித்துவிட்டார். நாங்கள் ஆடும் இடத்தில் லேசாக, கோட்டுக்கு வெளியே நாலு பக்கமும் மனையின் ஓரத்தோடு கெட்டியாக.

"ஓரத்துல எதுக்கு இவ்ளோ?"

"புல்லு ஓரத்துல இருந்துதான் உள்ள வரும்" என்றார்.

புல் செத்தது. அதோடு நான் ஐந்து வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்த கறிவேப்பிலை மரமும் செத்தது. ஒரு மாசம் அவருக்குத் தாளிக்காமல்தான் போட்டேன். அப்புறம் ஆடுகள் வந்தன. தெருவில் உள்ள அத்தனை ஆடும் கோர்ட்டில் வந்து படுத்துக்கொண்டு மண்ணை நக்க ஆரம்பித்தன. விரட்டினால் வலைக்கு அந்தப் பக்கம் போகும், அங்கே விரட்டினால் இந்தப் பக்கம் வரும். பக்ரீத்துக்காக ஆபா வீட்டில் வாங்கிக் கட்டியிருந்த கிடா ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. வெள்ளை நாடாவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நக்கிவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு பெரிய பக்கெட் தண்ணீரைக் குடித்து வயிறு உப்பிப் படுத்துவிட்டது. ஆபா சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"உங்க ஊட்டுக்காரருக்கு இன்னா அவசரம்? உசுரோட இருக்கும்போதே எங்க கிடாவ உப்புக்கண்டம் போட்டுட்டாரே!"

நல்லவேளை, சாயந்திரத்துக்குள் எழுந்து நின்றுவிட்டது. நான் ஆட்டுக்கு வேலி கட்டினேன். ஐப்பசி மழைக்காலம் வந்ததும் வேறொரு கூத்து. மழை பெய்யாத நாளிலும் கோர்ட் தானாக வேர்க்கும். காற்றில் ஈரம் இருந்தால் போதும், உப்பு இழுத்துக்கொண்டு தரை வழவழவென்று ஆகிவிடும். பின்னால் போகிற ரிங்கைப் பிடிக்க ஓடி, தெற்குப் பக்கம் முழுக்க உட்கார்ந்தவாக்கில் சறுக்கினேன். ஒரு வாரம் கம்பெனியில் நின்றபடிதான் சாப்பிட்டேன். ஆபா சிரித்த சிரிப்பில் அந்த பாயிண்டை எண்ணவே மறந்துவிட்டார், அதுதான் ஆறுதல்.

இத்தனைக்கும் நடுவில் இவர் கார்த்திகையில் மூன்றாவது தடவையாக உப்பு மூட்டையோடு வந்து இறங்கினார்.

"எங்கங்க புல்லு? ஒண்ணு காட்டுங்க பாப்போம்!" என்று கத்தினேன்.

"வந்துடக் கூடாது இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே ஓரமாகத் தூவிக்கொண்டு போனார். இந்த மனிதரோடு எப்படி இத்தனை வருஷம் குப்பை கொட்டினேன் என்று அன்று மனசார நினைத்தேன்.

தை பிறந்தது. நான் எதிர்பார்த்தபடியே பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு அண்ணன் வந்தார். மேஸ்திரியையும் வரச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின நாளே நானும் ஆபாவும் கடைசியாக ஒரு ஆட்டம் ஆடி முடித்திருந்தோம். யாரும் பாயிண்ட் எண்ணவில்லை. வலையை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை, ஆபாதான் அவிழ்த்து மடித்துக் கொடுத்தார். "பொடவ மாதிரி மடிச்சிருக்கேன், பீரோல வெச்சுக்கோ" என்றார். அன்று ராத்திரி நான் சரியாகச் சாப்பிடவில்லை. நாற்பத்தாறு வயதில் ஒரு ரப்பர் வளையத்துக்காக அழுவது எனக்கே கேவலமாக இருந்தது, ஆனாலும் அழுதேன்.

மேஸ்திரி கயிறு, சுண்ணாம்போடு வந்தார். ஓரமாக நடந்தவர் நின்றார். தெருச் சுவரைப் பார்த்தார். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்து, காரை இலை இலையாக உரிந்து நின்றது. ஆட்டையும் புல்லையும் பார்த்த நான் அதைக் கவனிக்கவே இல்லை. மேஸ்திரி குனிந்து மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தார். துப்பினார்.

"இன்னா சார் இது? கருவாடு காய வெச்ச எடமா?"

"ஏன்பா?" என்றார் அண்ணன்.

"இதுல கடக்கால் போட்டா கம்பி துரு ஏறிடும் சார். செவுரு ரெண்டு வருசம் நிக்காது, பொரிஞ்சு உழும். கட்டணும்னா மூணு அடிக்கு மண்ண வாரி வெளிய கொட்டிட்டு, வேற மண்ணு அடிச்சு, அப்புறந்தான். இல்லன்னா உடுங்க, ஒரு வருசம் மழ பேஞ்சு உப்பு எறங்கட்டும்."

அண்ணன் மெதுவாகத் திரும்பினார். "யார்ரா உப்பு போட்டது?"

இவர் முன்னால் வந்தார்.

"புல்லு ஜாஸ்தியா வந்துச்சுண்ணே. அதான் நான் போட்டேன்."

கல்யாணமானதிலிருந்து அண்ணன் எதிரில் அவர் பேசி நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அது.

"அறிவு இருக்காடா உனக்கு? வயசு அம்பது ஆவுது!"

"இல்லண்ணே."

"டேனரியில வேல பாக்கற, உப்ப பத்தித் தெரியாதா?"

"தோணலண்ணே."

அண்ணன் அரை மணி நேரம் திட்டினார். இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். "சரி, அடுத்த தைக்குப் பாத்துக்கலாம்" என்று அண்ணன் முடித்ததும், பழைய குரல் திரும்பி வந்தது.

"சரிண்ணே."

சாயந்திரம் அண்ணனை ரயில் ஏற்றிவிட்டு அவர் திரும்பியபோது நான் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தேன். தோணவில்லையாம். பதினான்கு வருஷம் ஒரு சுவர் பொரிந்து விழுவதை ராத்திரிச் சாப்பாட்டில் எங்களுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்த மனிதருக்குத் தோணவில்லையாம். ஓரத்தில் கெட்டியாக, உள்ளே லேசாக. புல்லே இல்லாத கார்த்திகையில் மூன்றாவது தடவை.

"தெரிஞ்சுதான் போட்டீங்களா?" என்று கேட்டேன். என் குரலுக்கு அது ரகசியம் மாதிரி.

அவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அதன் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தாலும் மறுநாள் வர்றோம்னு நான் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். "காட்பாடி மேட்ச்சு."

அந்தச் சனிக்கிழமையை நான் மட்டும்தான் இத்தனை வருஷம் சுமந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். "அண்ணன்கிட்ட கோர்ட்டு இருக்கட்டும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே. என் கறிவேப்பிலையாவது பொழச்சிருக்கும்" என்றேன்.

"அண்ணன்கிட்டயா!" என்று அவர் நிஜமாகவே பயந்து என்னைப் பார்த்தார்.

உள்ளே போய் பீரோவிலிருந்து வலையை எடுத்து வந்தேன். ஒரு முனையை அவர் பிடித்தார், கட்டினோம். கட்டிக்கொண்டே, "அடுத்த தைக்கு இன்னா பண்றது? மழ பேஞ்சா உப்பு எறங்கிடும்னு மேஸ்திரி சொன்னாரே" என்றேன்.

"எறங்கிடும்" என்றார். பைப்பில் முடிச்சை இறுக்கினார். "புல்லும் வந்துடும் இல்ல."